வெங்காய மாலுக்குள் ஒரு ஸ்போர்ட்ஸ் கார்

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு ஐப்பசி மாதம், புத்தூரில், எங்கள் வீட்டு வளவில், மால் என்று சொல்லும் வெங்காயக் கொட்டகைக்குள் நின்ற ஒரு பழைய காரைத் தள்ளி வெளியே எடுத்தோம். தள்ள வந்தவர்கள் ஐயா, அத்தான், பக்கத்துத் தோட்டத்து அண்ணை, அவருடைய வண்டில் மாடுகள் இரண்டு, நான். குசினி வாசலில் நின்று பார்த்தவர்கள் அம்மாவும், எட்டு மாத வயிற்றோடு அக்காவும். வராதவர்கள் அந்தக் காரின் சொந்தக்காரர். அவர்கள் மூன்று பேர். மூன்று பேர் இருந்தும் ஒருவரும் வராத கதையையும், பிறகு ஒருவரும் கூப்பிடாமலே மூன்று பேரும் வந்து நின்ற கதையையும்தான் எழுதப் போகிறேன். எழுதும்போதே எனக்கு விசர் வருகிறது. வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

காரைப் பற்றி முதலில் சொல்லவேண்டும். ஐம்பதுகளில் இங்கிலாந்தில் செய்த ஸ்போர்ட்ஸ் கார் அது. இரண்டு பேர் மட்டும்தான் இருக்கலாம். கூரை கிடையாது. மழைக்கு இழுத்து மூடுகிற கன்வஸ் ஒன்று இருந்ததாம், அதை எலி தின்றுவிட்டது. நீட்டு மூக்கு. சைக்கிள் சில்லைப் போலக் கம்பி போட்ட சில்லுகள். கப்பலால் இறங்கிய அன்று எந்தக் கரும்பச்சைப் பெயின்ற் இருந்ததோ அதே பெயின்ற்தான் அப்போதும். எங்களிடம் வந்த பிறகு ஒருவரும் திருத்தவுமில்லை, பூசவுமில்லை, விற்கவுமில்லை, எறியவுமில்லை. எங்கள் வெங்காய மாலில் சரி பாதியைப் பிடித்துக்கொண்டு அது பாட்டுக்கு நின்றது. வெங்காயப் பிடிகளைக் கட்டி அதற்கு மேலே கூரை வளையில் தொங்கவிடுவோம். சருகு உதிர்ந்து உதிர்ந்து காருக்கு ஒரு போர்வை போலக் கிடக்கும். ஸ்ரேரிங்குக்கு முன்னால் இருந்த இருக்கையில் எங்கள் சிவத்தக் கோழி அடைகிடந்து இரண்டு முறை குஞ்சு பொரித்திருக்கிறது.

அதை அங்கே கொண்டுவந்து விட்டவர் அச்சுவேலியில் இருந்த ஒரு லொறி முதலாளி. எண்பத்துநாலாம் ஆண்டு, நான் சின்ன வகுப்பில் படித்த காலம். எங்கள் வெங்காயத்தைக் கொழும்புக்கு ஏற்றிக்கொண்டு போகிறவர் அவர்தான். “ஒரு கிழமைக்கு நிக்கட்டும், பிறகு வந்து எடுக்கிறன்” என்றார். மறுத்தால் அடுத்த போகத்து வெங்காயம் வளவுக்குள்ளேயே அழுகும் என்று ஐயாவுக்குத் தெரியும். தலையாட்டிவிட்டார். அந்தக் கிழமை முடியவே இல்லை. மாலுக்கு முன்னால் ஒழுங்கைப் பக்கம், அந்தச் சின்னத் தெருவுக்குத் திறக்கிற ஒரு படலை இருந்தது. கார் எடுபடாத படியால் படலைக்கும் வேலையில்லை என்று ஐயா அதைக் கழற்றிவிட்டு, கிளுவைத் தடிகளைக் கதியாலாக நட்டு, கிடுகு ஓலை வைத்து வேலி அடைத்துவிட்டார். கதியால்கள் துளிர்த்து, தடித்து, மரமாகிவிட்டன. கார் உள்ளே, மரம் வெளியே.

இப்போது அக்காவைப் பற்றி. அக்காவைக் கட்டிக்கொடுத்தது வலிகாமம் வடக்கில். அத்தான் சீமெந்துத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். ஐயா ஒரு தோட்டத்துண்டை விற்றுத்தான் அவளுக்கு அங்கே சீதன வீடு கட்டிக் கொடுத்தார். அந்த வீட்டில் அவள் இரண்டு பொங்கல்கூடப் பொங்கவில்லை. தொண்ணூறில் அங்கே சண்டை வர, எல்லோரையும் போல அவர்களும் ஒரு சைக்கிளோடும் இரண்டு பையோடும் வீட்டை விட்டு எழும்பி வந்தார்கள். பள்ளிக்கூடம், உறவினர் வீடு என்று அலைந்து கடைசியில் எங்களிடம் வந்தபோது எங்கள் இரண்டறை வீட்டில் ஏற்கெனவே பெரியம்மா குடும்பமும் இருந்தது. அக்காவுக்குக் கிடைத்தது குசினியில் அடுப்புக்கு எதிர்ப் பக்கம். பிள்ளை பிறக்கக் கார்த்திகை ஆகும் என்றார்கள். கார்த்திகையில் எங்கள் குசினிக்குள் மழை ஒழுகாத இடம் அடுப்பு ஒன்றுதான்.

மால் அப்படியல்ல. தகரக் கூரை, சீமெந்து நிலம், ஒரு சொட்டுத் தண்ணீர் வராது. வெங்காயத்தை ஒரு பக்கத்துக்கு ஒதுக்கலாம். கார்தான் ஒதுங்காது.

“வேலியை வெட்டிப்போட்டுத் தள்ளி வெளியாலை விடுவம்” என்றார் ஐயா.

நான்தான் மறித்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாகக் கண்டவன் நான். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, பல்கலைக்கழக வெட்டுப்புள்ளிக்குக் காத்துக்கொண்டு, ரியூட்டரி ஒன்றில் சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். பிறத்தியார் சாமானைக் கேளாமல் தொடக்கூடாது, முறையாக அனுமதி எடுக்கவேண்டும் என்றேன்.

“அப்ப நீயே போய்க் கேள். படிச்சனீதானே” என்றார் ஐயா. அந்தச் சொல்லில் பெருமை எவ்வளவு, நக்கல் எவ்வளவு என்று எனக்கு இன்றைக்கும் பிடிபடவில்லை.

முதலில் அச்சுவேலி. டீசல் இல்லாமல் லொறி முற்றத்தில் கல்லின் மேல் ஏறி நின்றது. முதலாளி சாய்மனைக் கதிரையில் கிடந்தார்.

“காரோ? எந்தக் கார்?”

“எங்கடை மாலுக்கை நிக்கிற உங்கடை கார், முதலாளி.”

“என்ரை எண்டு ஆர் சொன்னது?”

“நீங்கள்தானே கொண்டுவந்து விட்டனீங்கள்?”

“விட்டனான். அதுக்கு? காசு குடுத்தும்தான் வாங்கினனான். ஆனா தம்பி, அது ஒரு பொம்பிளையின்ரை சீதனக் கார். புருசன்காரன் வித்தவன், அவ ஓம் எண்டு சொல்லேல்லை. அவ சொல்லாமல் அது எனக்கு எப்பிடிச் சொந்தமாகும்? வாங்கின கிழமையே எஞ்சின் வெடிச்சுது.”

எங்கள் ஊர் வழக்கம் வாசகர்களுக்குத் தெரியும். சீதனம் பெண்ணுடைய சொத்து. அவளைக் கேளாமல் கணவன் விற்கக்கூடாது. இது முதலாளிக்கு வாங்கும்போது தெரியாமல் இருந்து, எஞ்சின் வெடித்த பிறகு தெரிய வந்திருக்கிறது.

பிறகு அவர் எனக்கு அந்தக் காரின் கதையைச் சொன்னார். ஆசைப்பட்டு வாங்கினாராம். ஏறினால் வயிறு ஸ்ரேரிங்கில் இடிக்குமாம். “ஏறுறது ஒரு மாதிரி ஏறிப்போடுவன். இறக்கத்தான் இரண்டு பேர் பிடிச்சு இழுக்கோணும்.” சொல்லிச் சொல்லிச் சிரித்தார். ரியூட்டரிக்கு நேரமாகிவிட்டது என்று நான் எழும்பினேன்.

“அப்ப தள்ளி வெளியாலை விடட்டோ?”

“தள்ளும், தள்ளும். எதுக்கும் அவவையும் ஒரு வார்த்தை கேளும்.”

அவ என்பது நீர்வேலியில் இருந்த ஒரு ரீச்சர். அந்தக் காரை லண்டனிலிருந்து கொண்டுவந்த டொக்டரின் மகள். தனியே இருந்தார். தேத்தண்ணியும் பனங்கட்டித் துண்டும் தந்து, காரின் பெயரைச் சொன்னதும் கன்னத்தில் கைவைத்தார்.

“ஐயோ, அது இன்னும் இருக்குதோ! கலியாணம் முடிஞ்சு அதிலைதான் தம்பி வந்தனாங்கள். கோப்பாய்ச் சந்தியிலை திரும்பேக்கை அவரின்ரை தலைப்பா காத்திலை பறந்துபோய் வயலுக்கை விழுந்திட்டுது. இறங்கி எடுக்க மாட்டன், மரியாதை இல்லை எண்டிட்டார். கூறைச்சீலையோடை நான்தான் சேத்துக்கை இறங்கினனான்.”

அதற்கும் சிரித்தார். பிறகு, “ஒருநாள் பள்ளிக்கூடத்தாலை வாறன், கார் இல்லை. வித்திட்டாராம்” என்றார். அதற்குச் சிரிக்கவில்லை. கணவர் அதன் பிறகு வெளிநாடு போனவர், அங்கேயே இருந்துவிட்டார்.

“எனக்கு என்னத்துக்கு இப்ப அது? தள்ளி விடும் தம்பி. ஆனா கராச்காரரைக் கேளும். எஞ்சின் தன்ரை எண்டு சொல்லித் திரியிறார்.”

கார் திருத்துகிற அந்தக் கராச் யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குப் பின்னால். சைக்கிளில் போய்வர அரை நாள். முதல் தரம் போனபோது ஆள் இல்லை. இரண்டாம் தரம் ஆள் ஒரு காருக்குக் கீழே கிடந்தார், கால்தான் தெரிந்தது. அந்தக் காலோடு கதைத்துவிட்டு வந்தேன். அடுத்த தரம்தான் முழு ஆளைக் கண்டேன்.

“வெடிச்ச எஞ்சினைத் தூக்கிப்போட்டு வேறை எஞ்சின் வைச்சது நான். முதலாளி வந்து கணக்குத் தீர்க்கேல்லை. எஞ்சின் என்ரை. மிச்சக் காரைப் பற்றி எனக்கொண்டும் தெரியாது.”

“அப்ப எஞ்சினைக் கழட்டிக்கொண்டு போங்கோவன், அண்ணை.”

“கழட்டினா கார் ஓடாது, தம்பி!”

“இப்பவும் ஓடேல்லையே.”

“அது வேறை” என்றார் அவர்.

எது வேறை என்று நான் கேட்கவில்லை. தள்ளலாமா என்று மட்டும் கேட்டேன். தாராளமாகத் தள்ளச் சொன்னார். ஆக, மூன்று பேரும் சம்மதம். மூன்று பேருக்கும் அது தங்களுடையது இல்லை. நான் வெற்றியோடு வீட்டுக்கு வந்தேன். ஐயா வானத்தைப் பார்த்தார். முகில் கட்டத் தொடங்கிவிட்டது.

தள்ளுகிற நாள் அம்மா ஒரு காரியம் செய்தார். நான் அத்தானோடு கதியால் மரங்களைத் தறித்துக்கொண்டிருந்தேன், கவனிக்கவில்லை. “ஆக்களின்ரை சாமானை உப்பிடி ஊத்தையாவே வெளியாலை விடுறது? கண்டால் என்ன நினைப்பினம்?” என்று சொல்லி, சாம்பலும் தேங்காய்ப் பொச்சும் எடுத்து, அண்டா தேய்க்கிற மாதிரிக் காரின் மூக்கைத் தேய்த்திருக்கிறார். கோழி எச்சம் போனது. அதோடு முப்பது நாற்பது வருசம் ஒட்டியிருந்த கரும்பச்சையும் போனது. நான் திரும்பிப் பார்த்தபோது காரின் முன்பக்கம் அம்மாவின் அண்டா போலவே பளபளவென்று தகரமாக நின்றது. “எப்பிடி?” என்று கேட்டார் அம்மா.

பிறேக் இறுகியிருந்தது. அலவாங்குக் கம்பியால் நெம்பினோம். காற்றில்லாத ரயர்கள் செம்மண்ணில் உழுதுகொண்டு வந்தன. கடைசியில் பக்கத்துத் தோட்டத்து அண்ணை மாடுகளைக் கொண்டுவந்து பூட்டினார். அத்தான் ஸ்ரேரிங்கைப் பிடிக்க ஏறி இருந்தார். வேலியால் ஒழுங்கைக்கு எடுத்து, ஒழுங்கையால் சுற்றி, முன் படலையால் வளவுக்குள் கொண்டுவந்து வேப்பமரத்தடியில் விடவேண்டும். அந்தச் சின்ன ஒழுங்கைப் பயணத்தில் முழு ஊரும் வெளியே வந்துவிட்டது.

“மண்ணெண்ணெயிலை ஓடுற காரைக் கண்டிருக்கிறன். வைக்கலிலை ஓடுற காரை இண்டைக்குத்தான் காணுறன்!” என்றார் ஒருவர்.

“மெல்லமா விடும் காணும், மாட்டுக்கு மூச்சு வாங்குது!” என்று அத்தானைப் பார்த்துக் கத்தினார் இன்னொருவர். அத்தானும் ஏதோ பெரிய ரேசுக்குப் போகிறவர் போல ஒரு கையை வெளியே போட்டுக்கொண்டு வந்தார். எழும்பி வந்த நாளிலிருந்து அவர் சிரித்ததை அன்றைக்குத்தான் கண்டேன்.

அன்று பின்னேரமே அக்கா மாலுக்குள் போய்விட்டாள். கார் நின்ற இடத்தைக் கழுவித் துடைத்து, பாய் போட்டு, சேலையை மறைப்பாகக் கட்டினாள். பிறக்கப்போகிற பிள்ளைக்கென்று கிழித்து வைத்த பழஞ்சேலைத் துண்டுகளை வெங்காயம் தொங்கிய வளையில் காயப் போட்டாள். எனக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. முறையாகச் செய்தால் எல்லாம் முறையாக நடக்கும் என்று நினைத்தேன்.

எங்கள் ஊர் வேலிகளைப் பற்றி நான் யோசித்திருக்கவேண்டும். வேலிக்குள் என்ன கிடந்தாலும் அதைப் பற்றி ஒருவருக்கும் கவலை இல்லை. வேலியைத் தாண்டி வெளியே தெரிந்தால் அது விற்பனைக்கு. ஒரு கிழமைக்குள் கதை பரவிவிட்டது: புத்தூரில் பழைய கார் விற்கிறார்களாம். கொழும்பில் பழங்காருக்குப் பைத்தியம் பிடித்த பணக்காரர் இருக்கிறாராம். கைபடாத காராக இருந்தால் கேட்ட விலை கொடுப்பாராம். யார் அந்தப் பணக்காரர், யார் சொன்னது என்று இன்றுவரை தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை காலமை முதலாளி வந்தார். ஒரு சைக்கிளின் பின்னால் இருந்து வந்தார்; மிதித்தவர் பாவம். முதலாளியைக் கண்டவர் சொல்லி மத்தியானம் கராச்காரர் வந்தார். அவர் நீர்வேலியால் வரும்போது ரீச்சரிடம் சொல்லியிருக்கிறார். ரீச்சரும் குடையும் சைக்கிளுமாக வந்து சேர்ந்தார். ஆளைத் தேடி நான் அலைந்த அலைச்சலுக்கு மூன்று பேரும் ஒரே நாளில் ஒரே வேப்பமரத்துக்குக் கீழே.

“ஐயோ, ஒரிஜினல் பெயின்ற்!” என்று முதலாளி காரின் மூக்கைத் தடவினார். “ஆர் உந்த வேலை பார்த்தது?”

“நான்தான். நல்லாத் துப்பரவாக்கினனான்” என்றார் அம்மா பெருமையாக.

முதலாளி தலையில் கை வைத்தார். கராச்காரர் மூடியைத் திறந்து எஞ்சினுக்குள் தலையை விட்டார். “என்ரை எஞ்சினுக்குள்ளை கோழி இறகு!”

பிறகு மூவரும் வானத்தைப் பார்த்தார்கள். மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. முதலாளி ஐயாவிடம் திரும்பினார். “மழை வரப்போகுது. நனைஞ்சால் ஒரு சதத்துக்கும் ஆகாது. திருப்பி மாலுக்குள்ளை விடு.”

“ஓமோம், கெதியாத் தள்ளுவம்” என்றார் கராச்காரர்.

நான் சொன்னேன்: “நீங்கள்தானே எல்லாரும் தள்ளச் சொன்னனீங்கள்! உங்கடை இல்லையெண்டும் சொன்னனீங்கள்!”

“தம்பி, தள்ளச் சொன்னது உண்மை. மழையிலை விடச் சொன்னதோ?” என்றார் முதலாளி.

“இப்ப அதுக்குள்ளை அக்கா இருக்கிறா.”

“அவ கொஞ்ச நாளைக்கு வீட்டுக்கை இருக்கட்டுமன். கார் வித்துப்போட்டால் பிறகு மால் உங்கடைதானே.”

மால் எங்கடைதானே! அந்த மாலைக் கட்டியது ஐயா. அதன் ஒவ்வொரு தகரமும் எங்கள் வெங்காயக் காசு. நான் ஐயாவைப் பார்த்தேன். அவர் நிலத்தைப் பார்த்தார். போர் முடிந்து பாதை திறந்தால் வெங்காயத்தை ஏற்றப் போகிறவர் முதலாளிதான். “சரி... ஒரு பக்கமா விட்டால்...” என்று இழுத்தார். என் வாழ்க்கையில் ஐயாவில் எனக்கு அவ்வளவு கோபம் வந்ததில்லை. அத்தான்தான், “கொழும்புக்கு எப்பிடிக் கொண்டுபோகப் போறியள்? கிளாலிக் கடலாலை வள்ளத்திலை ஏத்தியோ?” என்று கேட்டார். முதலாளி மாட்டுக்கு ஆள் அனுப்பச் சொல்லிவிட்டார்.

அப்போதுதான் அக்கா மாலால் வெளியே வந்தாள். இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு ரீச்சருக்கு முன்னால் போய் நின்றாள். அவள் அதிகம் கதைக்கிறவள் இல்லை.

“இது உங்கடை சீதனமாமே, ரீச்சர்?”

“ஓம் பிள்ளை.”

“என்ரை சீதனம் அங்காலை நிக்குது. இரண்டு வருசமாக் கதவும் திறந்தபடி, மழையிலை. அதையும் ஆரும் ஒரு மாலுக்குள்ளை எடுத்து விடுவினமே?”

முதலாளிதான், “அது சரி பிள்ளை, அது வேறை” என்று தொடங்கினார்.

அவர் முடிக்கவில்லை, மழை கொட்டியது. எங்கள் ஊர் ஐப்பசி மழை ஆளுக்கு யோசிக்க நேரம் கொடுக்காது. எல்லோரும் ஓடினோம். எங்கே? வேறு எங்கே, மாலுக்குள். ஐயா, அம்மா, அத்தான், அக்கா, நான், முதலாளி, கராச்காரர், ரீச்சர், முதலாளியை ஏற்றிவந்த பாவப்பட்ட மனிதர், சிவத்தக் கோழி. கார் நின்ற இடத்தில், அக்காவின் பாயை மிதிக்காமல், வெங்காயப் பிடிகள் தலையில் இடிக்க இடிக்க நெருக்கிக்கொண்டு நின்றோம். ஒருவரும் நனையவில்லை. வெளியே கூரையில்லாத கார் தொட்டி போல நிரம்பிக்கொண்டிருந்தது.

ரீச்சரின் முகத்துக்கு நேரே அந்தப் பழஞ்சேலைத் துண்டுகள் தொங்கின. ஒன்றைக் கையில் பிடித்துப் பார்த்தார். பிறகு மெல்லத்தான் கதைத்தார். தகரத்தில் விழுந்த மழைச் சத்தத்துக்குள்ளும் எல்லோருக்கும் கேட்டது.

“அவர் விக்கேக்கை என்னைக் கேக்கேல்லை. முதலாளி, நீங்கள் வாங்கேக்கை என்னைக் கேக்கேல்லை. நீங்களும் எஞ்சினை மாத்தேக்கை கேக்கேல்லை. இந்தத் தம்பி ஒருத்தர்தான் சைக்கிள் உழக்கி வந்து, தள்ளட்டோ எண்டு என்னைக் கேட்டவர்.”

“அதுக்கில்லை ரீச்சர், நல்ல விலைக்கு...”

“என்ரை சீதனம். நான் சொல்லுறன். நனையட்டும்.”

கராச்காரர் எஞ்சினைப் பற்றி வாயைத் திறந்தார். “உங்கடை எஞ்சினை மழை விட்டோடனை கழட்டிக்கொண்டு போங்கோ” என்றார் ரீச்சர். அம்மா எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றினார். என்ன செய்வது, வீட்டுக்கு வந்தவர்கள். முதலாளி இரண்டு கோப்பை குடித்தார்.

மழை விட்டதும் போனவர்கள்தான். கராச்காரர் எஞ்சினைக் கழற்ற வரவில்லை. முதலாளி அந்தப் பக்கமே வரவில்லை. கொழும்புப் பணக்காரரும் வரவில்லை. கார் மறுபடியும் ஒருவருடையதும் இல்லாமல் வேப்பமரத்தடியில் நிற்கிறது. ரீச்சர் மட்டும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவார், பிள்ளைக்கு ஏதாவது கொண்டு. காரை ஒருக்காலும் திரும்பிப் பார்த்ததில்லை. அக்காவுக்குக் கார்த்திகையில் பெண்பிள்ளை பிறந்தது, நனையாமல். இப்போது ஒன்றரை வயது. அந்தக் காரின் சில்லுக் கம்பியைப் பிடித்துத்தான் எழும்பி நிற்கப் பழகியது. ஒருவரும் அனுமதி கேட்கவில்லை.

கேட்டு நடந்தால் எல்லாம் சரிவரும் என்று அப்போது நம்பினேன். இப்போதும் கேட்டுத்தான் நடக்கிறேன். ஆனால் சொந்தக்காரரின் சொல்லை வானம் இருட்டும்வரை நம்புவதில்லை. ஐயாவோடு அந்த நாளைப் பற்றி நான் கதைத்ததில்லை, அவரும் கதைத்ததில்லை. ஒருநாள் மட்டும் வேலியைப் பார்த்துக்கொண்டு நின்று அவராகவே கணக்குச் சொன்னார். தறித்த கதியாலுக்குப் புதுக் கதியால், கிடுகு, அடைப்புக் கூலி, தள்ள வந்தவர்களுக்குச் சாப்பாடு, மாட்டுக்குப் புண்ணாக்கு, மூன்று சொந்தக்காரருக்கும் தேத்தண்ணி. எங்கள் சொந்தக் கூரைக்குக் கீழே எங்கள் சொந்தப் பிள்ளையைப் படுக்கவைக்க எங்களுக்குப் போனது எண்ணூற்று அறுபது ரூபா.